மாயன் குடிச்ச தண்ணி

சன்னல் பக்கம் எனக்குத் தருவீகளா தாயி? காத்துக்கு இல்ல. மடியில இந்தச் சொம்பு இருக்கு பாருங்க, அந்தப் பக்கம் உக்காந்தா போற வாற ஆளெல்லாம் இடிச்சுக்கிட்டே போவாக. இது சிந்தக்கூடாது. ஆங், நல்லாருப்பீக. நீங்க எங்க எறங்கணும்? வெளாத்திகொளமா? அப்பச் சரி. நான் அதுக்கு முன்னாடியே முள்ளுப்பட்டி வெலக்குல எறங்கிருவேன். பெறகு நீங்க சன்னலுக்கு வந்துக்கிடலாம்.

பால் இல்ல தாயி. மஞ்சத்தண்ணி. எங்க குலசாமி இருளப்பசாமிக்கு இன்னைக்குக் கொடை. மத்தியானக் கொடைக்குள்ள போய்ச் சேரணும். கோயில்ல தண்ணி இல்லையாக்கும், இங்க இருந்து சொமக்கீகளேன்னு கண்டக்டர் கூடக் கேட்டான். அவனுக்கு என்ன தெரியும். இது எங்க வீட்டு ஆட்டுத்தொட்டியில மோந்த தண்ணி. மாயன் குடிச்ச தொட்டி. அந்தத் தொட்டித் தண்ணிதான் எனக்கு வேணும்.

மாயன்னா எம்மகன் இல்ல. கிடா. எங்க மந்தைக்குப் பொலிகிடா. பொட்டை ஆடுகளோட சேக்குறதுக்குன்னு ஒரு கிடாய நல்லதாப் பாத்து வச்சிருப்போம்ல, அது. சிரிச்சுக்கிடுங்க, பரவால்ல. அடிக்கரிசல்னு கேள்விப்பட்டிருக்கீகளா? மேலெல்லாம் செம்பட்டையா இருக்கும், அடிவயிறும் காலும் மட்டும் கருப்பு. எங்க கரிசக்காட்டு ஆடு. வெயில் என்ன காய்ச்சல் காய்ச்சினாலும் அதுபாட்டுக்கு மேஞ்சுக்கிட்டுத் திரியும். எங்கய்யா சாகுறதுக்கு முன்னாடி மந்தைய ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதிய எனக்குக் குடுத்தாரு, ஒரு பாதிய மாசானத்துக்குக் குடுத்தாரு.

மாசானம் யாரா? கூடப் பொறந்தவன். எனக்கு மூத்தவன். மொறைச் சொல்லு ஒண்ணு இருக்கு, அதச் சொல்ல மாட்டேன். அத வாயில இருந்து எடுத்துப் போட்டு பல வருசம் ஆச்சு.

எங்கய்யா கருமாதி முடிஞ்ச கையோட அவன் பங்கு ஆடு அம்புட்டையும் ஏவாரிக்குப் பிடிச்சுக் குடுத்துட்டான். குடுத்துட்டு, வடக்க இருந்து கலப்புக் கிடாயா எறக்கினான். ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி தண்டி இருக்கும், ஒடம்பெல்லாம் மயிரு. எங்கிட்ட வந்து, ‘ஏ வெயிலாச்சி, இந்த எலும்புக்கூட்ட வச்சு என்ன செய்யப் போற, தள்ளிவிடு, நான் நல்ல குட்டியாத் தாறேன்’னான். எங்கய்யா ஆட்ட எலும்புக்கூடுங்கான். எனக்கு அன்னைக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. நான் ஒடனே பேசுத ஆளு இல்ல தாயி, மனசுல வச்சுக்கிடுவேன்.

அந்த வருசக் கொடைக்கு அவன் ஒரு கிடா நேந்து விட்டிருந்தான். கலப்புக் கிடாதான். மஞ்சப் பூசி மாலை போட்டுச் சாமி முன்னாடி கொண்டாந்து நிறுத்தினான். நான் என்ன செஞ்சேன், மாயனையும் ஓட்டிக்கிட்டுப் போனேன். வெட்டுறதுக்கு இல்ல. சும்மாதான். கொம்புல எண்ணெய் தடவி, கழுத்துல மணி கட்டி, அவன் கிடாய்க்குப் பக்கத்துலயே நிறுத்தினேன். எது ஆடு, எது மயிரு மூட்டைன்னு ஊரு பாக்க வேண்டாமா?

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. வெட்டுறதுக்கு முன்னாடி கிடா தலையில மஞ்சத்தண்ணி ஊத்துவாக. கிடா ஒடம்பச் சிலுப்பணும். சிலுப்பினா சாமி ஏத்துக்கிடுச்சுன்னு அர்த்தம். சிலுப்பலைன்னா எந்நேரம் ஆனாலும் அருவாளத் தொட மாட்டாக. சிலுப்பிருச்சுன்னா பெறகு அது சாமி சொத்து. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. நேந்த கிடாயா நேராத கிடாயான்னெல்லாம் கேள்வியே இல்ல. அதுக்கு மேல பேச்சு கெடையாது.

மாசானம் சொம்பத் தூக்கி ஊத்தினான். அவன் கிடா அசையுமா? அம்புட்டு மயிருக்குள்ள தண்ணி எறங்கினாத்தான. மறுபடியும் ஊத்தினான். அது நட்டுவச்ச கல்லாட்டம் நிக்குது. கூட்டம் சிரிக்க ஆரம்பிச்சுருச்சு. நானும் சிரிச்சேன், ஏன் பொய் சொல்லணும். அவன் மொகம் செத்துப்போச்சு. திரும்பவும் சொம்பத் தூக்குதான், பின்னால இருந்து கூட்டம் நெருக்குது, கொட்டுக்காரன் வேற ஆடிக்கிட்டே வந்து அவன் மேல விழுதான். சொம்புத் தண்ணி அம்புட்டும் எம் மாயன் தலையில விழுந்துச்சு.

மாயன் சிலுத்துச்சு பாருங்க. கொம்புல இருந்து வாலு வரைக்கும். கழுத்து மணி கணகணன்னு அடிக்குது. பொம்பளைக எல்லாம் கொலவை போட்டுட்டாளுக.

கை வழுக்கிருச்சுன்னான். ‘ஏ தாயி, கை வழுக்கிருச்சு, சத்தியமா வழுக்கிருச்சு’ன்னு எங்கையப் பிடிச்சான். கண்ணுல தண்ணி வேற. சின்னப்புள்ளைல இருந்தே நல்லா நடிப்பான். கை வழுக்கினா தண்ணி கீழ விழுகணும், குறி பாத்த மாதிரி எங்கிடா தலையிலயா விழுகும்? பூசாரி கால்ல போய் விழுந்தான். என் கிடாய்ல எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க, இத விட்டுருங்கன்னான். அதுவும் நடிப்பு. விட மாட்டாகன்னு தெரிஞ்சுதான கேக்கான். கூட்டம் அம்புட்டும் அவனப் பாத்து உச்சுக் கொட்டுது. கிடாயப் பறிகுடுத்தவ நான், அனுதாபம் அவனுக்கு.

வெட்டிட்டாக. பங்கு போட்டு ஏம் பங்கையும் ஓலையில வச்சுக் குடுத்தாக. சாமி பங்கு, தூரப் போட முடியாது. எங்க வீட்டுக்காரரு, இருந்தாரு அப்ப, கொழம்பு வைன்னாரு. எப்படிக் கொழம்பு வைப்பேன் தாயி? அதுக்கு நான் கையில பருத்திக்கொட்டை வச்சு ஊட்டினவ. அழுதுக்கிட்டே கறிய வார் வாரா அரிஞ்சேன். உப்பும் மஞ்சளும் போட்டேன். மொளகா வத்தல நுணுக்கிப் பெரட்டி, கோணி ஊசியில கோத்து, துணி காயப்போடுத கொடியில தொங்க விட்டேன். உப்புக்கண்டம். காக்கா வராம பொழுதுக்கும் கம்போட உக்காந்திருந்தேன். அங்க உக்காந்துதான் முடிவு பண்ணினேன். மாசானம் கண்ணத் தொறந்தா அடிக்கரிசல் ஆடுதான் தெரியணும். கிழக்க பாத்தாலும் அதான், மேக்க பாத்தாலும் அதான். அதப் பாத்துப் பாத்தே அவன் வயிறெரிஞ்சு சாகணும்.

கவுச்சி திம்பீகளா? அப்ப இந்தாங்க, தூக்குவாளியில இப்பப் போட்ட கண்டம் வறுத்து வச்சிருக்கேன். ஒரு துண்டு எடுங்க. சும்மா எடுங்க. ஒடனே மெல்லாதீக, செத்த ஊறட்டும். எப்படி இருக்கு? ம். சொல்ல மாட்டீக, மொகத்துலயே தெரியுது.

இதத்தான் தவசி அண்ணாச்சி அன்னைக்குத் தின்னாரு. கோயில்பட்டியில மெஸ் வச்சிருக்காரு. ஆடு பிடிக்க வந்தவருக்கு வீட்டுல கஞ்சிக்குத் தொட்டுக்கிட ஒண்ணுமில்ல, மாயன் கறியில ரெண்டு துண்டு சுட்டு வச்சேன். மனுசன் கஞ்சிய விட்டுட்டுக் கறியவே பாத்துக்கிட்டிருந்தாரு. ஆடு வேண்டாம் தாயி, இதப் போட்டுக் குடுங்க, எம்புட்டுனாலும் எடுத்துக்கிடுதேன்னாரு. அப்படித்தான் ஆரம்பிச்சது. இன்னைக்குக் கல்யாண வீட்டுக்காரக, வெளிநாடு போற பயக எல்லாம் வீடு தேடி வாராக.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. உப்புக்கண்டத்துக்குக் கொழுப்பு ஆகாது. கொழுப்பு காயாது தாயி, காறிப்போயிரும். எங்க ஆடு நாளெல்லாம் நடந்து மேயிற ஆடு, கறி நாராட்டம் இருக்கும், உப்பப் பிடிச்சுக்கிடும், ஆறு மாசம் தொங்கினாலும் வாடை வராது. கலப்பாட்டுல அது நடக்காது. எங்க மந்தை மட்டும் எம்புட்டுக்குக் காணும்? ஊரு ஊராப் போயிச் சொன்னேன், அடிக்கரிசல் வளங்க, கிடாக்குட்டி அம்புட்டையும் நானே வாங்கிக்கிடுதேன்னு. கெழக்க சாயல்குடிப் பக்கம் அலைஞ்சு ஒரு பொலிகிடா பிடிச்சாந்தேன். அதுக்குப் பொறந்த குட்டி, குட்டியோட குட்டி, அம்புட்டுப் பேர் மந்தையிலயும் ஓடுது. திங்கிறதுக்கு ஆள் வந்த பெறகு வளக்குறதுக்கு ஆள் வந்துருச்சு. வித்துத் தீத்தவனெல்லாம் திரும்ப வாங்கினான்.

போன வருசம் கலெக்டர் ஆபீஸ்ல கூப்பிட்டுச் சால்வை போத்தினாக. பாரம்பரிய ஆட்டினத்தக் காத்த பெண்மணின்னு மைக்குல வாசிச்சாக. நான் எங்கிட்டுத் தாயி காத்தேன்? ஒருத்தன் வயிறெரியட்டும்னு வளத்தேன், அது காத்ததா ஆயிருச்சு. பேப்பர்ல படம் வந்துச்சு. அந்தப் பேப்பர மாசானம் வெட்டி வீட்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கானாம். எதுக்கு? தெனம் பாத்துக் கண்ணு வைக்கத்தான். வேற எதுக்கு.

அவன நான் சும்மா விடல, அதையும் சொல்லிருதேன். எம்மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு தூக்கிக்கிட்டு மேளதாளத்தோட வந்தான். வாசல்லயே நிறுத்திட்டேன். சீர்த்தட்ட எறக்க விடல. வெயில்ல நின்னான், தலையில துண்டப் போட்டுக்கிட்டு, தாலி கட்டி முடியிற வரைக்கும் நின்னான். பெறகு போயிட்டான். எம்மக மணவறையில உக்காந்து அழுதா. அழுகட்டும். இன்னைக்கும் எனக்குத் தெரியாம மாமன் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாறா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

இன்னொண்ணு கேளுங்க, சிரிப்பீக. அவனும் உப்புக்கண்டம் போட்டான். எனக்குப் போட்டியா. அந்தக் கலப்புக் கிடாயில. கொழுப்பு கட்டி கட்டியாத் தொங்குது, அத அப்படியே உப்பப் போட்டுக் கோத்துட்டான். எப்படிப் போடணும்னு எங்க மதினி சொர்ணத்தாய் ஆள்விட்டுக் கேட்டா. சொல்லுவனா? நல்லா எண்ணெய் பூசிக் காயப்போடச் சொல்லுன்னு சொல்லிவிட்டேன். பத்து நாள்ல தெருவே மூக்கப் பொத்துச்சு. நாயி கூட மோந்துட்டுப் போயிருச்சு. குழி தோண்டிப் பொதச்சான். அன்னைக்கு ராத்திரி நான் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அதோட ஒடுங்கிருவான்னு பாத்தா, கலப்பாட்டையெல்லாம் வித்துட்டு எங்கெங்கயோ போயிச் சுத்தமான அடிக்கரிசலா வாங்கிட்டு வந்துட்டான். திருச்செந்தூருக்குத் தெக்க தேரிக்காட்டுப் பக்கம்னு சொல்லுதாக. அதுல ஒரு பொலிகிடா. நான் பாக்கல. பாத்தவுக எல்லாம், ‘அச்சு அசல் மாயன் வெயிலாச்சி, அதே கொம்பு, அதே நடை’ங்காக. எங்கய்யா ஆட்ட எலும்புக்கூடுன்னு சொன்ன வாயி, இன்னைக்கு எம் மாயனையே கொண்டாந்து வச்சிருக்கு. எனக்கு எப்படி இருக்கும்?

இதுக்கு நடுவுல எங்க குட்டிகளுக்கு ஒரு கேடு வந்துருச்சு. ரெண்டு வருசமா. பொறக்கும்போதே தொவண்டு பொறக்கு. காலு மடங்கிக் கெடக்கு, மடியத் தேடத் தெரியல. எங்க வீட்டுல மட்டும் இல்ல, நான் கிடா குடுத்த அம்புட்டு வீட்டுலயும். ஆட்டு டாக்டர் வந்து பாத்தாரு. எல்லாம் ஒரே கிடா வழி, ஒரே ரத்தம், புது ரத்தம் சேக்கலைன்னா இன்னும் கொஞ்ச வருசத்துல மந்தையே மிஞ்சாதுன்னாரு. சரி, வேற கிடாவுக்கு எங்க போறதுன்னு கேட்டேன். நான் விசாரிச்ச வரைக்கும் இந்தச் சுத்துவட்டாரத்துல வேற வழியில வந்த சுத்தமான கிடா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, உங்க அண்ணங்கிட்டன்னாரு. எனக்கு அந்தாளயே பிடிக்காமப் போச்சு. கண்ணேறுன்னு நான் சொல்லுதேன், ரத்தம்னு அவரு சொல்லுதாரு.

டாக்டர் அங்கயும் போயிச் சொல்லியிருப்பாரு போல. போன வாரம் மதினி வந்தா. வாசல்லயே நின்னா, நான் உள்ள வான்னு சொல்லல. ‘ஒங்கண்ணன் கிடாய ஒனக்கே குடுத்துருதேங்காரு. ராத்திரி கொண்டாந்து கட்டினா நீ அவுத்து விட்ருவன்னு, கொடையன்னைக்குச் சாமி முன்னாடி வச்சு ஒங்கையில கயித்தக் குடுக்கேங்காரு. ஊரறிய வாங்குனதுதான ஊரறியத் திரும்பணும்’னா. சொல்லிட்டு அழுதா.

பாத்தீகளா அவன் புத்திய? ஊரறிய. எங்கிடாய எந்த எடத்துல கொன்னானோ அதே எடத்துல, கூட்டத்துக்கு முன்னாடி, நான் அவங்கிட்டக் கையேந்தி நிக்கணும். பாவம் வெயிலாச்சிக்கு ஆடு அழிஞ்சு போச்சு, அண்ணன்தான் பெரிய மனசு பண்ணிக் குடுத்தான்னு ஊரு உச்சுக் கொட்டணும். அன்னைக்கும் அவனுக்குத்தான் கொட்டுச்சு, இன்னைக்கும் அவனுக்கேவா?

வாறேன்னு சொல்லிவிட்டேன். அதுக்கே மதினி கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனா.

இப்பப் புரியுதா தாயி, இந்தச் சொம்பு எதுக்குன்னு? கயித்தக் கையில வாங்குவேன். சிரிச்சுக்கிட்டே வாங்குவேன். வாங்கின கையோட இந்தத் தண்ணிய அது தலையில ஊத்துவேன். அது சுத்தமான அடிக்கரிசல், மேல மயிரு கெடையாது, பட்ட ஒடனே சிலுக்கும். கொலவை போடுவாளுக. நான் அவன் கையப் பிடிச்சு, ‘ஏ அண்ணே, கை வழுக்கிருச்சு’ன்னு சொல்லுவேன். அந்தச் சொல்ல அதுக்குன்னுதான் இம்புட்டு வருசம் சேத்து வச்சிருக்கேன்.

என்னது? எனக்குக் குடுத்த பெறகு அது எங்கிடாதானங்கீகளா? ஆமா, தெரியும். அது போச்சுன்னா எம் மந்தையும் போயிருமேங்கீகளா? போகாது. ஒரு தடவ அலைஞ்சு பிடிச்சாந்தவ நான், இன்னொரு தடவ பிடிக்க மாட்டேனா? எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும். நீங்க படிச்சவுக, கணக்குப் பாப்பீக. அந்த மணி அடிச்ச சத்தம் உங்க காதுக்குள்ள இல்ல. எனக்கு இருக்கு. துண்டு இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க.

அந்தா பாருங்க, ரோட்டுல ஒரு மந்தை ஏறுது. நம்ம ஆடுதான், அடிவயிறப் பாருங்க. அது எங்கிடா வாரிசு, நடையிலயே சொல்லிருவேன். தோள்ல ரெண்டு குட்டியப் போட்டுக்கிட்டுப் போறானே, பாவம், நடக்க மாட்டாத குட்டி போல. கழுத்து தொங்குது. அதுவும் எங்க வழிதான்.

ஏ டிரைவரு, பாத்து, பாத்து. ஐயோ.

இப்படியா பிரேக்கப் போடுவான் பாவிப்பய. சிந்தாம இருக்கட்டும்னு சொம்பத் தலைக்கு மேல தூக்கினேன், துணியக் கட்டியும் எந்தலையிலயே சாஞ்சுருச்சு பாருங்க. தலையில இருந்து கழுத்து வழியா முதுகெல்லாம் எறங்கிருச்சு. அப்பாடி, ஒடம்பையே ஒரு ஒலுக்கு ஒலுக்கிருச்சு.

ஏன் தாயி அப்படிப் பாக்கீக? எதுக்கு வாயப் பொத்துதீக?

ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. விடியக்காலத்துல மோந்த தண்ணி, சில்லுன்னு இருக்கு. பச்சத்தண்ணி திடீர்னு மேல விழுந்தா ஆடா இருந்தா என்ன, மனுசியா இருந்தா என்ன, சிலுக்கத்தான் செய்யும். இதுல சாமி எங்க வந்துச்சு?

இல்ல. அது வேற. மாயன் சிலுத்தது வேற.

வெலக்கு வந்துருச்சு. வழி விடுங்க. சொம்புல அடியில கொஞ்சம் கெடக்கு, ஒரு தலைக்குப் போதும். படியில கூட்டமா இருக்கு, செத்த நீங்க பிடிச்சுக்கிடுங்க தாயி, நான் எறங்கி வந்து சன்னல் வழியா வாங்கிக்கிடுதேன்.

இந்தா வந்துட்டேன். குடுங்க. எதுக்கு யோசிக்கீக, பஸ்ஸ எடுக்கப் போறான். குடுங்க தாயி. சொம்ப நேராப் பிடிங்க. நேராப் பிடிங்க தாயி.